கான்சாவை யார் வரைவது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி வத்திராயிருப்புப் பக்கம் போகப் போக மலை கிட்டத்தில் வந்துவிடும். தென்னந்தோப்பு, நெல்வயல், கண்மாய்க்கரை என்று மாறி மாறி வரும் வழியில் கான்சாபுரம் என்று ஓர் ஊர்ப்பலகை. பெயரை நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரியும்: கான் சாகிப் புரம். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் எல்லாம் அதே ஆளின் பெயர்தான். கம்மந்தான் கான்சாகிபு என்று கதைப்பாடல் சொல்லும் யூசுப் கான். பிறந்தபோது மருதநாயகம்.

அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில், "கான்சான்னா யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன். பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது யாரு எவருன்னு தெரியாது. கமல் ஒரு படம் எடுக்கிறேன்னு சொன்னாரில்ல, அவருதான்னு பயலுக சொல்றாங்க." 260 வருடத்துக்கு முன் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்ட ஒருவருக்கு, எடுத்து முடிக்காத சினிமாதான் இன்றைக்கு அடையாளச் சீட்டு.

அந்தக் கேள்வியை நான் கேட்கப் போனதற்குக் காரணம் ஒரு கார்ட்டூன் படம். கார்ட்டூன் என்றதும் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டாம், வயது வந்தவர்களுக்கானது. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் எடுத்தது. பெயர் 'பிளாக் இஸ் பெல்ட்சா'. பாஸ்க் மொழியில் பெல்ட்சா என்றால் கறுப்பு. இயக்கியவர் ஃபெர்மின் முகுருசா, தொழிலால் பாட்டுக்காரர். கொர்த்தாத்து, நெகு கொர்ரியாக் என்ற இசைக்குழுக்களில் பாடி, பாஸ்க் இளைஞர்களின் குரலாகவே அறியப்பட்டவர். 2014இல் நண்பர்களோடு சேர்ந்து முதலில் படக்கதைப் புத்தகமாகப் போட்டார். 2018இல் அதுவே படமாயிற்று.

கதை ஓர் உண்மைச் சம்பவத்தில் தொடங்குகிறது. பாஸ்க்காரர்கள் இருன்யா என்று சொல்லும் பம்ப்லோனா ஊரில் ஜூலைத் திருவிழாவுக்கு எட்டு ராட்சதப் பொம்மைகள் தெருவில் ஆடிவரும். 1860இல் தாதேயோ அமொரேனா என்ற கலைஞர் செய்தவை. நாலு கண்டங்களுக்கு நாலு ராஜா, நாலு ராணி. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். பாவாடைக்குள் ஒருவர் புகுந்து தோளில் தாங்கிச் சுழன்று ஆட வேண்டும். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்காரர் கதைதான், ஆளின் முகம் மட்டும் வெளியே தெரியாது. 1965இல் இந்த எட்டும் நியூயார்க்கில் ஊர்வலம் போக அழைக்கப்பட்டன. போன இடத்தில், கறுப்பு ராஜாவும் கறுப்பு ராணியும் மட்டும் தெருவில் இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கறுப்பர் உரிமைக்காகப் பேசிய மால்கம் எக்ஸைச் சுட்டுக் கொன்ற வருடம் அது. பொம்மைக்கும் நிறம் பார்த்தார்கள்.

அந்தக் கறுப்புப் பொம்மையைச் சுமக்க வந்த மானெக்ஸ் என்ற பாஸ்க் இளைஞன்தான் படத்தின் நாயகன். இறங்க விடாத பொம்மைக்குள் நின்ற ஆள். அங்கிருந்து அவன் கதை ஹார்லெம் கலவரம், கியூபாவின் உளவுத்துறை, கருஞ்சிறுத்தைகள் இயக்கம், ஹிப்பிகளுக்கு முந்தைய இசைவிழா என்று ஊர் ஊராக, கண்டம் கண்டமாக அலைகிறது. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மகள் ஐனோவா. பொலிவியாவில் பிறந்து கியூபாவில் வளர்ந்தவள், 1988இல் 21 வயதில் அப்பாவின் மண்ணைப் பார்க்க வருகிறாள். அங்கே ஒரு நண்பன் ஹெராயினுக்குப் பலியாக, அதன் நூலைப் பிடித்துக்கொண்டு பெய்ரூட், ஆப்கானிஸ்தான், மார்செய் என்று போகிறது கதை.

பாஸ்க் அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகத்தில் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழி அவர்களுடையது. (திராவிட மொழிகளோடு முடிச்சுப் போட்டு லாஹோவாரி என்பவர் எழுதிய நூல் 1963இல் வந்தது, நம்மவர் சிலர் அதைக் கொண்டாடினார்கள். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆசைக்கு ஆதாரம் தேவையில்லை.) 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை நாளில், பாஸ்க் ஊரான கெர்னிகாவின் மேல், பின்னாளில் சர்வாதிகாரியான ஃபிராங்கோவுக்காக ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. பிக்காஸோ வரைந்தது அதைத்தான். பிறகு 1975 வரை ஃபிராங்கோ ஆட்சியில் பிள்ளைக்கு பாஸ்க் பெயர் வைக்கவும் தடை இருந்தது. பாஸ்க் தனி நாடு கேட்டு 1959இல் எட்டா என்ற இயக்கம் தொடங்கி, 800 பேருக்கு மேல் கொன்று, 2018 மே மாதம் தன்னைக் கலைத்துக்கொண்டது. இடையே, 1980களில், அரசாங்கத்துக்குள்ளிருந்தே ஒரு கூலிப்படையை இயக்கி 27 பேரைக் கொன்றார்கள்; அந்தப் படை ஓர் ஆளைக் கடத்திய வழக்கில் ஸ்பெயினின் முன்னாள் உள்துறை அமைச்சரே சிறைக்குப் போனார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு யாரும் நேராக ஒரு வீரவரலாறு எடுத்திருக்கலாம். முகுருசா எடுக்கவில்லை. அவருடைய நாயகன் எதையும் சாதிப்பதில்லை. பார்க்கிறான், ஓடுகிறான், அடிபடுகிறான். தன் இனத்தின் துயரத்தைப் பிறத்தியார் துயரத்தின் வழியாகக் கற்றுக்கொள்கிறான். எனக்குப் பிடித்தது இதுதான். பிடிக்காததும் உண்டு. பெண்கள் முதல் படத்தில் நாயகன் தங்கிப்போகும் சத்திரங்கள் மாதிரி வருகிறார்கள். பிரபலங்களும் பிரபல நிகழ்ச்சிகளும் திருவிழாக் கடைகள் போல வரிசையாக வருவதில் ஓர் அலுப்பும் தட்டுகிறது. இன்னொன்று, எட்டாவின் முதல் கொலை 1968இல். முதல் படம் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே சாமர்த்தியமாக நின்றுகொள்கிறது. ரத்தம் படியாத காலத்தில் போராட்டம் அழகாகத்தான் இருக்கும். இரண்டாம் பாகம் 1988க்குள் இறங்கும்போதுதான் படம் சேற்றில் கால் வைக்கிறது, அதனால்தான் அது மேலான படம்.

வரைந்து எடுத்ததால் என்ன லாபம்? காசு என்பது முதல் பதில். 1965 நியூயார்க், ஹவானா, பெய்ரூட், காபூல் எல்லாவற்றுக்கும் செட் போட்டால் ஹாலிவுட் கம்பெனியும் கடனாளியாகும். வரைவதற்கு எல்லா ஊரும் ஒரே விலை. ஆனால் உழைப்பு மலிவில்லை. 80 நிமிடப் படம், நொடிக்கு 24 கட்டம் என்றால் 1,15,200 கட்டங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் 57,600 படங்கள். அதிலும் குதிரை வந்தால் தொலைந்தோம். நாலு காலும் எந்த வரிசையில் விழும் என்பதில் தேர்ந்த ஓவியருக்கே தலை சுற்றும்.

இரண்டாவது பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரைந்த முகத்தில் நட்சத்திரம் கிடையாது. திரையில் ஒரு நடிகர் வந்தால் அவரோடு அவருடைய பழைய படங்கள், ரசிகர் மன்றம், சாதி, கட்சி, நாளைய தேர்தல் எல்லாம் சேர்ந்து வரும். கோடுகளால் ஆன ஒருவன் வந்தால் அவன் மட்டும்தான் வருவான்.

உலகம் இதை எப்போதோ கண்டுகொண்டது. 1954இல் பிரிட்டனில் ஹாலஸ், பேட்ச்லர் தம்பதி எடுத்த 'விலங்குப் பண்ணை' படத்துக்கு அமெரிக்க சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது; கார்ட்டூனின் அரசியல் பலத்தை உளவுத்துறை நம்பிய அளவுக்கு நாம் இன்னும் நம்பவில்லை. மர்ஜான் சத்ரபி தன் ஈரானியக் குழந்தைப் பருவத்தைப் படக்கதையாக வரைந்து, 2007இல் 'பெர்செபொலிஸ்' என்று இன்னொருவரோடு சேர்ந்து தானே படமாக்கினார். 1982 லெபனான் போரில் தான் என்ன செய்தோம் என்பதே நினைவில்லாத ஓர் இஸ்ரேலியச் சிப்பாய் இயக்குநராகி, பழைய தோழர்களைப் பேட்டி கண்டு அந்தப் பேட்டிகளை வரைந்தார்: 'வால்ட்ஸ் வித் பஷீர்', 2008. 2021இல் வந்த 'ஃப்ளீ' ஓர் ஆப்கன் அகதியின் கதை. முகத்தைக் காட்டினால் ஆபத்து என்பதால் முகத்தையே மாற்றி வரைந்தார்கள். சாட்சியைக் காப்பாற்றும் திரைச்சீலையாகக் கோடு பயன்பட்டது.

பாஸ்க்காரர்களும் ஒரே நாளில் பெல்ட்சாவுக்கு வந்துவிடவில்லை. அவர்களுடைய முதல் முழுநீள அனிமேஷன் படமான 'கலபாசா த்ரிபொன்சியா' 1985இலேயே வந்தது, ஹுவான்பா பெரசாதெகி எடுத்தது. அதற்குச் சற்று முன்பு சொந்த மொழியில் டிவி வந்தது. ஜப்பானிய 'டிராகன் பால்' தொடரை அது பாஸ்க் மொழியில் போட்டபோது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாய்மொழி பேசிப் பழகினார்கள். முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபோது அவர்களுக்கு.

இந்த ஏணியின் முதல் படி நம்மிடமும் இருக்கிறது. 2007இல் சுட்டி டிவி வந்தது. ஜாக்கி சானுக்கும் டோராவுக்கும் தமிழ்க் குரல் கொடுத்த பெயர் தெரியாத கலைஞர்கள், பாடப்புத்தகம் செய்யாததைச் செய்தார்கள். ஜாக்கி சான் தொடரில் சென்னைத் தெருப்பேச்சு வந்து விழுந்த விதத்தை அன்றைய பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 25, 30 வயது. டிக்கெட் வாங்கக் காசு இருக்கிறது. அவர்களுக்கு என்று நாம் வரைந்து வைத்திருப்பது என்ன?

கணக்கு எடுத்தால் கைவிரல் போதும். சென்னை பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே 'பாண்டவாஸ்' என்ற முப்பரிமாண அனிமேஷன் படத்தை எடுத்தது, ஆங்கிலத்தில். அதே கம்பெனியின் 'சிந்துபாத்' நடிகர்களின் அசைவைப் பதிந்து செய்த முழுநீளப் படங்களில் உலக அளவில் முன்னோடி. தொழில்நுட்பம் இங்கே இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். 2007இல் வெங்கி பாபு இயக்கத்தில் இளையராஜா இசையோடு 'இனிமே நாங்கதான்' வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. 2014 மே மாதம் 'கோச்சடையான்'. ரஜினிகாந்தின் அசைவைப் பதிந்து செய்த படம். நட்சத்திரத்தின் வயதைக் குறைக்கத் தொழில்நுட்பம் உழைத்தது, கதையின் வயதைக் கூட்ட யாரும் உழைக்கவில்லை. நட்சத்திரம் இல்லாமல் கதை சொல்லக் கிடைத்த ஒரே ஊடகத்துக்குள்ளும் நட்சத்திரத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்த பெருமை நம்முடையது.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் சில நிமிடங்கள்தான்: 2001இல் வந்த 'ஆளவந்தான்'. வன்முறை உச்சத்துக்குப் போகும் இடங்களில் படம் சட்டென்று கார்ட்டூனாக மாறும். தன் 'கில் பில்' படத்துக்கு அந்த யோசனை ஓர் இந்தியப் படத்திலிருந்து வந்ததாக டாரன்டினோ தன்னிடம் சொன்னதை இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். யோசனை ஊரைவிட்டுப் போய் அங்கே பிழைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பெரியவர்களுக்கான நகரும் படம் நமக்குப் புதிதில்லை. தோல்பாவைக் கூத்து வேறென்ன? ஆட்டுத்தோலைப் பதமாக்கி, வெட்டி, சாயம் தீட்டி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வைத்து ஒருவரே அத்தனை பாத்திரத்துக்கும் குரல் மாற்றிப் பேசுவார். ராவணனும் அவரே, சீதையும் அவரே. நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் நுழைந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். சாமியையும் சர்க்காரையும் உள்ளூர்ப் பெரிய மனிதரையும் ஒரே மூச்சில் நக்கலடிக்கும் பேச்சு அது. நடத்தியவர்கள் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். பாவையை ஆட்டியவர் வீட்டில் ஒரு மொழி, துணிக்குப் பின்னால் இன்னொரு மொழி. அவர்கள் பிழைப்பு நொடித்துப் போன காலத்தில்தான் நாம் அனிமேஷன் என்றால் குழந்தைச் சமாச்சாரம் என்று கற்றுக்கொண்டோம்.

கான்சாபுரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு புதையல் இருக்கிறது, சிவகாசி. சாமி படமும் தலைவர் படமும் போட்ட காலண்டர் நாடெங்கும் போனது அங்கிருந்து. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியதும் அங்கேதான்; 1984இல் லயன் காமிக்ஸ் சேர்ந்தது. இன்று லயன்-முத்து வாசகர்களில் பெரும்பாலோர் நரை விழுந்தவர்கள். அவர்கள் படிப்பது பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலியில் பெரியவர்களுக்காக வரைந்த கதைகள். 'இரத்தப் படலம்' என்ன கதை? நினைவிழந்த ஒருவன் ஜனாதிபதி கொலைச் சதியின் நூலைத் தேடி அலைவது. நம் விருதுநகர் மாவட்டத்திலிருந்து 30 வருடத்துக்கு மேலாக, பெட்டிக்கடையில் தொங்கிய காலத்திலிருந்து, அரசியல் படக்கதை தமிழில் வந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் விடியல் பதிப்பகம் சத்ரபியின் ஈரான் கதையையும் தமிழில் போட்டது. ஆக, படிக்க ஆள் உண்டு, அச்சிட இடம் உண்டு. வெளியிலிருந்து வந்ததைப் படித்தோம். இங்கிருந்து ஒன்றை வரையவில்லை.

கதைக்குப் பஞ்சமா என்றால் கான்சாபுரம் பலகையே பதில்.

1725ஐ ஒட்டி ராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்த மருதநாயகம் ஊரைவிட்டு ஓடி, மதம் மாறி, யூசுப் கான் ஆகி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து கமாண்டன்ட் ஆனார். கமாண்டன்ட் நாட்டார் நாக்கில் கம்மந்தான் ஆயிற்று. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவர்களை அலைக்கழித்தவர் இவர். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை இவரிடம் ஒப்படைத்தார்கள். குளங்களைச் செப்பனிட்டார், நின்றுபோன மீனாட்சி கோயில் மானியத்தை மீண்டும் கொடுத்தார், திருட்டை அடக்கினார். நல்ல பெயர் வந்தது. கூடவே ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குப் பயமும் வந்தது. வசூலித்த பணத்தைத் தன் வழியாகக் கட்டு என்றார் நவாப். கம்பெனியும் நவாப் பக்கம் நின்றது. 1763இல் யூசுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எந்தக் கொடிக்கு எதிராகப் போரிட்டு உயர்ந்தாரோ அதே கொடி. ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகை. கடைசியில் உள்ளிருந்தே கட்டிக்கொடுத்தார்கள். அதில் அவருடைய திவான் சீனிவாசராவும் உண்டு, மர்ச்சந்த் என்ற பிரெஞ்சுக்காரனும் உண்டு. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாவது தடவைதான் உயிர் போயிற்று என்பது ஊர்ப்பேச்சு. உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும் கைகால்களைப் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், பெரியகுளத்துக்கும் அனுப்பினார்கள் என்றும், முண்டம்தான் மதுரை சம்மட்டிபுரம் தர்காவில் இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

இதுவரை வீரன் கதை. இனி வண்டியைத் தெற்கே திருப்புங்கள். ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வரிசையாக வரும். எல்லாம் பழைய பாளையங்கள். அதற்கும் கிழக்கே நெற்கட்டும்செவல், பூலித்தேவன் ஊர். கம்பெனிக்கு வரி கட்ட மாட்டேன் என்று நின்ற பூலித்தேவனை, 1761இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையையும் நெற்கட்டும்செவலையும் பிடித்து வீழ்த்தியது யார்? இதே கான்சாகிபு, கம்பெனிக்காக. இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனியை எதிர்த்து நின்றார். வடக்கே நின்று பார்த்தால் தியாகி, தெற்கே நின்று பார்த்தால் துரோகி. இரண்டு பஸ் மாறினால் வில்லன் நாயகனாகிவிடுகிறான்.

1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்ஜிஆர் திரைப்பட நகரில், இங்கிலாந்து ராணி எலிசபெத் முன்னிலையில் 'மருதநாயகம்' படத்துக்குப் பூஜை போட்டார் கமல்ஹாசன். தூக்கிலிட்டு 233 வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அவரை முற்றுகையிட்டு வீழ்த்திய கம்பெனி யாருடையதோ அந்த நாட்டு ராணியே பூஜைக்கு வந்ததை வரலாற்றின் நையாண்டி என்பதா, தயாரிப்பாளரின் குறும்பு என்பதா? படம் பணமில்லாமல் நின்றது. குதிரை, யானை, பீரங்கி, கோட்டை, ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். வரைந்திருந்தால் முடிந்திருக்குமா? பணம் மட்டும் காரணமென்றால் முடிந்திருக்கும்.

எனக்கென்னவோ பணம் இரண்டாவது காரணம் என்றே படுகிறது. கான்சாவைப் படமாக்க முன்வரும் யாரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "அவரு எந்த ஆளுக?" பிள்ளைமார் என்பார் ஒருவர், பட்டியல் சாதி என்பார் இன்னொருவர், இஸ்லாமியர் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். பூலித்தேவனைக் காட்டினால் அவர் தளபதி ஒண்டிவீரன் எங்கே என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஒரு வார்ப்பைக் கொடுத்துவிட்டது: வெள்ளைக்காரன் கெட்டவன், நாயகன் மாசற்றவன், காட்டிக்கொடுத்தவன் மட்டும் நம் ஆள். சிவாஜியின் குரல் அந்த வார்ப்பை இரும்பில் ஊற்றிவிட்டது. அதற்குள் கான்சா அடங்கமாட்டார். அவர் கம்பெனி சம்பளக்காரர், கலகக்காரர், நம்மவரைக் கொன்றவர், நம்மவருக்காகக் கண்மாய் வெட்டியவர். அன்று உடலைத்தான் துண்டு போட்டார்கள். இன்று ஆளுக்கொரு துண்டாக ஆளையே உரிமை கொண்டாடுகிறார்கள்.

தணிக்கையும் ஒரு காரணம்தான், நாம் நினைக்கிற வழியில் இல்லை. வயது வந்தவர்களுக்கு என்று 'ஏ' வாங்கினால் டிவியில் அப்படியே போட முடியாது. சேட்டிலைட் உரிமை போயிற்று. தமிழ்நாட்டில் 2011 முதல் ஜிஎஸ்டி வரும்வரை கேளிக்கை வரி விலக்குக்கு 'யு' சான்றிதழ் கட்டாயம். எனவே தயாரிப்பாளர் கதை கேட்கும்போதே 'யு' வருமா என்றுதான் கேட்டார். பெரியவர்களின் கதை அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. வெட்டியது கத்திரி என்று நினைக்கிறோம்; பாதி வெட்டு கணக்குப்பிள்ளை வெட்டியது.

அரசியல் அச்சமும் இல்லாமல் இல்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தை முடக்கப் பார்த்தபோது, கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஈழப் போரின் கடைசி மாதங்களைக் காட்டிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு 2014இல் இந்தியாவில் சான்றிதழ் மறுக்கப்பட்டது.

பாஸ்க் கதைக்கு அரசியலில் நெருங்கிய உறவு ஈழம்தான். மொழி, தனி நாடு, ஆயுதம், சகோதரப் படுகொலை, அரசு வன்முறை, உலகெங்கும் சிதறிய மக்கள், எல்லாமே உண்டு. அங்கேயும் முதல் அடி படக்கதையில்தான் விழுந்தது. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் ஐ.நா. பணியிலிருந்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லிண்ட்சே பொலாக்கோடு சேர்ந்து 'வன்னி' என்ற தடித்த புத்தகத்தை 2019இல் கொண்டுவந்தார். சாட்சிகள் சொன்னதைக் கேட்டு, ஒரு கற்பனைக் குடும்பத்தின் மேல் ஏற்றி, முள்ளிவாய்க்கால் வரை வரைந்தது. நல்ல புத்தகம், நேர்மையான புத்தகம். எழுதியதும் வரைந்ததும் ஆங்கிலேயர்கள், ஆங்கிலத்தில். பொறாமையாகச் சொல்லவில்லை. டொராண்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் அனிமேஷன் படித்த ஈழத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய டிராகனுக்கோ செதில் வரைந்துகொண்டிருப்பார்கள். சென்னையிலும் அப்படித்தான். வெளிநாட்டுப் படங்களுக்குக் கூலி வேலை செய்யும் ஸ்டுடியோக்களில் ராஜபாளையத்துப் பிள்ளைகள், மதுரைப் பிள்ளைகள் கணினி முன்னால் இரவு ஷிப்டு பார்க்கிறார்கள்.

இதற்கிடையில் 2025இல் 'மகாவதார் நரசிம்மா' என்ற அனிமேஷன் படம் பல மொழிகளில் வந்து கோடிகளைக் குவித்தது. பெரியவர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். அப்படியானால் இங்கே பெரியவர்கள் கார்ட்டூன் பார்க்க மாட்டார்கள் என்ற பழைய சாக்கும் செத்துவிட்டது. இனி வரப்போவது புராண வரிசைதான் என்று ஜோசியம் சொல்ல பெரிய மூளை வேண்டாம். வரட்டும். தூணைப் பிளந்து வரும் சாமியை வரைகிற கை, கோட்டைச் சுவரின் மேல் எந்தக் கொடியை ஏற்றுவது என்று யோசித்து நிற்கும் மனிதனையும் வரையலாம்.

முகுருசாவிடம் நாம் கடன் வாங்க வேண்டியது பாஸ்க் அரசியலை இல்லை, அவர் போன வரிசையை: முதலில் புத்தகம், நாலு வருடம் கழித்துப் படம், இன்னொரு நாலு வருடத்தில் இரண்டாம் படம். புத்தகத்துக்குத் தணிக்கை கிடையாது, சேட்டிலைட் உரிமை கிடையாது, நட்சத்திர கால்ஷீட் கிடையாது. ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஓர் அச்சகம் போதும். கான்சாவுக்குப் படம் போடுபவர்கள் அவர் கதையைத் தெற்கத்திப் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். நெற்கட்டும்செவல் எரிவதை ஒரு பக்கம் முழுக்க வரைந்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அவர் கண்மாய்க் கரையில் நிற்பதை வரையட்டும். தீர்ப்பை வாசகர் எழுதிக்கொள்வார்.

மூலக்கதை வேண்டுமென்றால் அலைய வேண்டாம். 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே வருடம். ஆங்கிலேயர் பக்கத்துக் கதைக்கு எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய நூல் இருக்கிறது. வரையத் தெரிந்த யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறி அந்தப் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். முதல் பக்கத்துக்கு ஆறு கட்டம் போதும்.